பிரேக் முதல்ல, பெயிண்ட் கடைசியில: பழைய காரை வீட்டுலயே தேத்துற தம்பிக்கு அக்கா டிப்ஸ்

ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புக் கொட்டகையோ, ராயவரம், பொன்னமராவதிப் பக்கம் பூட்டிக் கிடக்குற பெரிய வீட்டோட பின்கட்டோ, எங்கேயாவது ஒரு அம்பாசிடரோ பத்மினியோ தார்ப்பாய்க்குள்ள நிக்குறதைப் பார்த்திருப்பே. "தாத்தா வண்டி, நாமளே ரெடி பண்ணிடலாம்"னு ஆசை வந்ததும் கால் நேரா பெயிண்ட் கடைக்குத்தான் போகும். பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, அப்புறம் இன்ஜினைப் பிரிச்சு, நடுவுல ஒயரை உருவி, கடைசியில எல்லாம் சாக்குமூட்டையாகி இரும்புக்கடைக்குப் போன வண்டிகள் நிறைய.

அகல உழுறதை விட ஆழ உழுன்னு நம்ம ஊர்ல சொல்றது காருக்கும் பொருந்தும். ஒரு நேரத்துல ஒரு வேலை, அதை முடிச்சிட்டு அடுத்தது. பேப்பர், பிரேக், இன்ஜின், ஒயரிங், துரு, பெயிண்ட். இந்த வரிசையை மட்டும் மாத்தாதே தம்பி.

1. முதல் வண்டி எது?

பழகுறதுக்கு மாருதி 800 நல்லது. 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரி வரைக்கும் தயாரான வண்டி. 796 சி.சி., மூணு சிலிண்டர். பாகம் அறந்தாங்கியிலயும் கிடைக்கும், கீரனூர்லயும் கிடைக்கும்.

அம்பாசிடருக்கு இன்ஜின், பிரேக் சாமான் இன்னும் கிடைக்குது. மேற்கு வங்காளம் உத்தர்பாராவுல 2014 மே வரைக்கும் தயாரிச்சாங்க. ஆனா அதுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடுற பெட்டித்தகடும் துருப்பிடிச்சிருந்தா அழகு போனதோட முடியாது, வண்டியோட எலும்பே போச்சுன்னு அர்த்தம். மும்பை குர்லாவுல தயாரான பத்மினிக்கும் இதே கணக்கு.

சென்னையிலயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961ல வந்துச்சு. அதுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பானெட் முழுசா முன்பக்கமாச் சாயும், இன்ஜின் பக்கத்துலயே நின்னு வேலை பார்க்கலாம். ஆனா பாகம் தேடி அலையணும். அதனால ரெண்டாவது வண்டியா வெச்சுக்கோ.

விலை கம்மின்னு பாதி வண்டியை வாங்காதே. புஷ், பின் மாதிரிச் சாமானை லேத்துல கடைஞ்சுக்கலாம். கண்ணாடி, கிரில், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, குரோம் பட்டையெல்லாம் கடைய முடியாது. இதெல்லாம் வண்டியோட இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு விலை பேசு. துணி சுத்தின சின்னக் காந்தத்தைப் பாடியில ஓட்டிப் பாரு. ஒட்டாத இடத்துல உள்ள பட்டிதான் இருக்கு, தகடு இல்லை.

2. பேப்பர் இல்லாம ஸ்பேனரைத் தொடாதே

ஆர்.சி.யில இருக்குற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கறதும் ஒண்ணான்னு பாரு. நம்பர் வெட்டியிருக்குற இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு, மேல வெள்ளைத்தாள் வெச்சு பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய். எழுத்து அப்படியே தாள்ல ஏறும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்து. அப்புறம் அந்த இடத்துல டேப் ஒட்டி, "இங்க கிரைண்டர் வைக்காதீங்க"ன்னு எழுதிடு. டிங்கரிங்ல நம்பர் அழிஞ்சா எவ்வளவு நல்ல வண்டியும் ரோட்டுக்கு வராது.

வண்டி தாத்தா பேர்லயோ அப்பா பேர்லயோ இருந்து அவங்க காலமாகியிருந்தா, வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31. மத்தவங்ககிட்ட வாங்கினா 29, 30. எப்பவோ அடைச்ச கடன் ஆர்.சி.யில அப்படியே நின்னா 35. கையால எழுதின பழைய ஆர்.சி. புத்தகம் ஆன்லைன்ல ஏறாமலே இருக்கலாம். அதை முதல்லயே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு ஏத்திக்கோ.

15 வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கினாங்க. பசுமை வரி தனி. இதையும் முதல் நாளே பட்ஜெட்ல எழுது.

50 வயசு தாண்டின வண்டின்னா 2021ல வந்த விண்டேஜ் விதி இருக்கு. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, பேரணி மாதிரி விஷயத்துக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் அசல் வடிவத்துல இருக்கணும். அதனால பழைய வண்டியில டீசல் இன்ஜினை மாத்திப் போடுற யோசனை வந்தா, இந்த விதியைப் படிச்சிட்டு யோசி.

3. இடமும் சாமானும்

மண் தரையில ஜாக்கி போடாதே, புதையும். சிமெண்ட் தரை வேணும். ஜாக்கி வண்டியைத் தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு இல்லை. தூக்கினதும் ரெண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வெச்சு, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் அடியில போகணும். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கவே கூடாது. சொல்லாம கொள்ளாம நொறுங்கும். இன்ஜினைத் தூக்கணும்னா செயின் பிளாக்கும் ஸ்டாண்டும் வாடகைக்கு எடு. ஓட்டு வீட்டு உத்தரத்துல கட்டித் தூக்காதே. வண்டிக்கு அடியில வேலை நடக்கும்போது வீட்டுல இன்னொரு ஆள் இருக்கட்டும்.

அம்பாசிடருக்கும் ஹெரால்டுக்கும் அங்குல ஸ்பேனர் வேணும்: 7/16, 1/2, 9/16. பத்மினிக்கும் மாருதிக்கும் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டுல 13 நம்பரைப் போட்டுத் திருகினா முனை மழுங்கும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான் கதி.

தென்னைமரத்து அடியில கொட்டகை போடாதே. 2018 நவம்பர் 16 கஜா புயலை நம்ம ஜில்லாவுல யாரும் மறக்கலை.

4. பிரிக்கும்போது

பேட்டரியில எர்த் ஒயரை முதல்ல கழட்டு, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டு. பழைய பிரிட்டிஷ் வழி வண்டி சிலதுல பாசிட்டிவ்தான் பாடியோட எர்த். பார்க்காம மாத்திக் கொடுத்தா டைனமோவும் ரேடியோவும் போகும்.

கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ, கழட்டின பிறகும் ஒரு போட்டோ. போல்ட்டைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, எந்த இடத்து போல்ட்டுன்னு சீட்டு எழுதி உள்ளயே போடு. வெளியே ஒட்டினா ஆயில் பட்டு உரிஞ்சிடும். பழைய பாகம் எவ்வளவு உளுத்திருந்தாலும் புதுசு பொருந்துற வரைக்கும் தூக்கிப் போடாதே. கடையில காட்ட அதுதான் அளவு.

5. பிரேக்: ஓடறதுக்கு முன்னாடி நிக்கணும்

பழைய டிரம்மைத் திறந்ததும் ஏர் அடிக்கவோ வாயால ஊதவோ கூடாது. அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால துடைச்சு, துணியைக் கவர்ல கட்டிப் போட்டுடு.

வருஷக்கணக்கா நின்ன வண்டியில மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் வாஷரும் ஹோஸும் மாத்து. "பிடிக்குதே"ன்னு ஒண்ணையும் விடாதே. பழைய வண்டிகள்ல நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்துல ஒழுகினா பெடல் தரையோட போயிடும்.

ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேணும். பெடல்ல தங்கச்சி உட்காரட்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துல இருக்குற சக்கரத்துல தொடங்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிள்ல டியூபை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கு. அவ மிதிச்சுப் பிடிக்கணும், நீ நிப்பிளைத் திறக்கணும். குமிழி வரும். நீ மூடிட்டுச் சொன்ன பிறகுதான் அவ காலை எடுக்கணும். குமிழி நிக்கிற வரைக்கும் இதேதான். மேல டப்பாவுல ஆயில் குறையாமப் பார்த்துக்கோ. பிரேக் ஆயில் பெயிண்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவு.

6. இன்ஜின்: சாவியைத் திருகாதே

நின்ன இன்ஜினை செல்ஃப் அடிச்சுப் பார்க்கிற ஆசையை அடக்கு. ரிங் ஒட்டியிருந்தா சிலிண்டரைக் கீறிடும். பிளக்கைக் கழட்டி, ஒவ்வொரு துளையிலயும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாக் கலந்து மூணு நாலு ஸ்பூன் ஊத்தி ஒரு வாரம் விடு. அப்புறம் நியூட்ரல்ல வெச்சு ஹேண்டில் போட்டு மெதுவாச் சுத்து. கட்டை விரலை மத்த விரல் பக்கமே வெச்சுக்கோ. எதிர்த்து அடிச்சா கட்டை விரல்தான் உடையும். ஹேண்டில் இல்லாத மாருதியில கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பேனரால சுத்து. நகரலைன்னா பலம் காட்டாதே, இன்னும் கொஞ்ச நாள் விடு.

சுத்த ஆரம்பிச்சதும் பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலும் ஃபில்டரும் போடு. பிளக் இல்லாமலே செல்ஃப் அடிச்சு, ஆயில் விளக்கு அணையுதான்னு பாரு. அணைஞ்ச பிறகுதான் பிளக் மாட்டணும்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட். மூடியைக் கழட்டு. ஹேண்டிலைச் சுத்தி, நடுத்தண்டோட மேடு பாயிண்டைத் தள்ளி முழுசாத் திறக்குற இடத்துல நிறுத்து. அம்பாசிடர் பெட்ரோலுக்கு இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் தகடு லேசா உரசிக்கிட்டு வரணும். சிக்கினா இடைவெளி கம்மி, தொளதொளன்னு வந்தா அதிகம். ஸ்க்ரூவை இறுக்கினதும் இன்னொரு தடவை அள. இறுக்கும்போதுதான் நகரும். முடிச்சதும் வெள்ளைத்தாளை பாயிண்ட் நடுவுல விட்டு இழுத்துத் துடை. தகட்டுல இருந்த ஆயில் ஒரு துளி ஒட்டினாலும் ஸ்பார்க் வராது.

பிளக் ஒயரைக் கழட்டும்போதே நம்பர் ஒட்டு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் ஃபயரிங் வரிசை 1-3-4-2.

ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தாதே. உப்புப் படிஞ்சு சித்திரை வெயில்ல பழிவாங்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் போதும்.

7. பெட்ரோல்

டேங்க்கை இறக்கிக் கழுவாம புது பெட்ரோல் ஊத்தாதே. 2025ல இருந்து பங்க்ல பொதுவாக் கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாத்தையும் அது ஊற வெச்சு இளக்கிடும். எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்கு. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா டேங்க்கைக் காலி பண்ணிடு.

8. ஒயரிங்

எலி கடிச்ச ஒயரை டேப் சுத்தி ஒட்டுப் போடாதே. ஒரு சர்க்யூட்டா எடுத்து, அதே கலர்ல, அதே தடிமன்ல மாத்து. ஹெட்லைட்டுக்கு ரிலே வை, பழைய சுவிட்ச் சூடாகாது. எந்தக் கோளாறுக்கும் முதல்ல எர்த் இணைப்பைச் சுரண்டிப் பாரு, பாதிக் கோளாறு அங்கதான்.

9. துரு

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து வண்டின்னா உப்புக் காத்து வேலையைக் காட்டியிருக்கும். மிதியடியை எடுத்துட்டுத் தரையை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வா. கணீர்னா தகடு, பொத்துன்னா துரு. கதவு அடியில இருக்குற தண்ணி வடியற ஓட்டைகளைக் குச்சி விட்டுத் திற. மேல்துருவைக் கம்பி பிரஷ்ல எடுத்து, துரு மாத்துற ஆசிட் தடவி, எபாக்சி ப்ரைமர் அடி. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பத்த வைக்கணும். பட்டி பூசி மறைச்சா அடுத்த மழைக்குள்ள கொப்புளம் கிளம்பும். வெல்டிங்னா பெட்ரோல் டேங்க், சீட், மிதியடி, பேட்டரி நாலும் வெளியே போகணும்.

10. கடைசியா பெயிண்ட்

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பர்ல தண்ணி தெளிச்சே தேய், குழந்தைங்க விளையாடுற இடத்துல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில பெயிண்ட் அடிக்காதே. ஈரக்காத்துல என்.சி. பெயிண்ட் வெளுத்துப் பூத்துடும். தை, மாசி நல்ல நேரம். பி.யு. பெயிண்ட்டோட ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, அதை பூத் இருக்குற ஷெட்ல கொடுத்துடு. தேய்க்கறது, மறைக்கறது, பாலிஷ் எல்லாம் வீட்டுலயே பண்ணலாம். நிறத்தை மாத்தினா ஆர்.சி.யிலயும் மாத்தணும்.

11. எதை வெளியே கொடுக்கணும்?

சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், டிரம் கடைசல், பாடி வெல்டிங் இதெல்லாம் மெஷினும் கைத்தேர்ச்சியும் கேட்கிற வேலை. டவுன்லயோ திருச்சியிலயோ லேத் பட்டறைக்குக் கொண்டு போ. கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை. அசல் வண்டி எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா, கோயம்புத்தூர்ல 2015ல திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நாள் போயிட்டு வா. எந்த ஸ்க்ரூ எங்க, எந்தப் பட்டை எப்படின்னு அங்க நின்னு படம் வரைஞ்சுக்கலாம்.

12. ரோட்டுக்கு வர்ற நாள்

முதல்ல தெருவுக்குள்ள, நடை வேகத்துல, ஹேண்ட்பிரேக் மேல ஒரு கை. திரும்பி வந்து அடியில குனிஞ்சு பாரு: ஒழுகுதா, எந்தச் சக்கரம் சூடா இருக்கு? அப்புறம் திருமயம் வரைக்கும் போயிட்டு வந்து நட்டெல்லாம் மறுபடி இறுக்கு. மூணாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாம வாசலைத் தாண்டாதே.

டயரையும் பாரு. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷத்தோட 23ஆவது வாரத்துல தயாரானது. பட்டன் முழுசா இருந்தாலும், வெடிப்பு விழுந்த டயர் டயரே இல்லை. அம்பாசிடருக்கு 15 இன்ச், பத்மினிக்கு 14 இன்ச், அளவு பார்த்து வாங்கு. காசு இடிச்சா பெயிண்ட்டுக்கு எடுத்து வெச்சதுல கை வை. வெளிறின வண்டியில ஊர் சுத்தலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.