சேவை என்றாலும் கணக்கு வேண்டும்: டிசைன் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாடம்



நம் கிளைகளில் கிராபிக் டிசைன் படிக்கும் தம்பி தங்கைகள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். ஒருவர் டிசைன் படிக்கிறார் என்று தெரிந்தால் போதும், கோயில் திருவிழா போஸ்டர், சித்தப்பா கடைப் பெயர்ப்பலகை, அக்கா கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் தலையில்தான். "சின்ன வேலைதாம்பா, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றுதான் ஆரம்பிக்கும். மூன்று வாரம் கழித்தும் முடியாது. கடைசியில் அந்தத் தம்பி கோயில் பக்கமே வருவதைக் குறைத்துக்கொள்வார். நிர்வாகத்தில் இருப்பவர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையே இல்ல" என்பார்கள்.

இரண்டு பக்கமும் கெட்ட எண்ணம் இல்லை. வேலையைத் தொடங்கும்போது பேச வேண்டியதைப் பேசவில்லை, அவ்வளவுதான். பேச வேண்டியதை முதலிலேயே பேசி, எழுதி வைத்து, சொன்னபடி முடிப்பதைத்தான் தொழில் ஒழுங்கு என்கிறோம். கல்லூரியில் இதற்குத் தனிப் பாடமே இருக்கும். ஆனால் அதைப் பழக நமக்கு முதலில் கிடைக்கும் இடம் கோயில்தான். சம்பள வேலையைப் போலவே கோயில் வேலையையும் முறையாகச் செய்தால், சேவையும் நிலைக்கும், தொழிலும் கைக்கு வரும். இந்த மாதப் பாடம் இதுதான்.

1. ஐந்து கேள்விகள்

திருக்குறளில் 68ஆவது அதிகாரம் வினைசெயல்வகை. ஒரு காரியத்தில் இறங்குமுன் ஐந்தைத் தெளிவாக எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர்: ஆகும் பொருள், வேண்டிய கருவி, உள்ள காலம், செய்யப்போகும் வேலை, செய்யும் இடம். டிசைன் துறையில் 'பிரீஃப்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். யார் வேலை கொடுத்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

பொருள்: அச்சுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? யார் கட்டுவார்?
கருவி: கோயில் லோகோவின் மூலக் கோப்பு இருக்கிறதா? படங்கள், உபயதாரர் பட்டியல் யாரிடம் இருக்கின்றன?
காலம்: திருவிழா என்றைக்கு? பிரிண்டிங் கடைக்கு எத்தனை நாள் வேண்டும்? அப்படியானால் டிசைன் என்றைக்கு முடிய வேண்டும்?
வினை: போஸ்டர் மட்டுமா? அதோடு பேனர், பன்டிங், ஃபேஸ்புக் படம், வாட்ஸ்அப் படமும் வேண்டுமா?
இடம்: எங்கே ஒட்டப் போகிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள்? கோயில் அறிவிப்புப் பலகைக்கும் சாலையோரத்துக்கும் ஒரே டிசைன் சரிவராது.

கடைசிக் கேள்வியில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. சாலையோரத்தில் பேனர் கட்ட நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். விளம்பரங்களில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்ற விதியும் பல ஊர்களில் உண்டு. தமிழைப் பெரிதாகப் போட்டு அச்சடித்த பிறகு இது தெரிந்தால் காசு வீண். டிசைன் செய்பவர் முதல் நாளே கேட்டிருந்தால் இந்தச் செலவு வராது.

2. ஒரே ஒருவர் பேசட்டும்

தலைவர் சிவப்பு வேண்டும் என்பார். செயலாளர் மஞ்சள்தான் மங்களம் என்பார். பொருளாளர் தம் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார். மூவரும் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்பினால் எந்த டிசைனராலும் சமாளிக்க முடியாது.

அதனால் தொடக்கத்திலேயே மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, நிர்வாகத்தில் எல்லாரும் பேசி முடிவு செய்யுங்கள். எனக்குச் சொல்ல ஒருவரை மட்டும் வைத்துவிடுங்கள்." பெரும்பாலும் அது செயலாளராக இருப்பார்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். என்ன என்ன செய்து கொடுப்பீர்கள், என்றைக்குக் கொடுப்பீர்கள், எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள், அவர்கள் எதை எப்போது தர வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். இரண்டு முறை திருத்தம் என்பது நியாயமான அளவு. அதற்கு மேல் போனால் வெளி வேலையில் கூடுதல் கட்டணம். கோயில் வேலையில் தேதி தள்ளிப்போகும். அதையும் எழுதிவிடுங்கள். செயலாளர் 'சரி' என்று எழுத்தில் பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பெரியவர்களிடம் இப்படி எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சில பேர் நினைக்கிறார்கள். பந்தல்காரரிடமும் நாதஸ்வரக் குழுவிடமும் நிர்வாகம் தேதியையும் தொகையையும் பேசி எழுதித்தானே வைக்கிறது? போஸ்டருக்கு மட்டும் ஏன் கூடாது?

3. விலை, சேவை, கர்மயோகம்

கர்மயோகம் என்றால் பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். இதைக் காட்டி, "கூலி கேட்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பற்று வேண்டாம் என்றால் கூலி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சிற்பிக்கும் பூக்கட்டுபவருக்கும் கோயில் பணம் கொடுக்கிறது. அவர்கள் பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. நம் திறமையை எப்போது விலைக்குக் கொடுப்பது, எப்போது காணிக்கையாகக் கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இலவசமாகச் செய்தால் அது காணிக்கை ஆகாது. மனதில் கசப்புத்தான் மிஞ்சும்.

விலை போடுவதற்கு ஒரு எளிய கணக்கு. ஒரு போஸ்டருக்கு ஆகும் நேரத்தை எழுதுங்கள்: பேச்சு 1 மணி, வரைவு 6 மணி, திருத்தம் 3 மணி, அச்சுக் கோப்பு தயாரிக்க 2 மணி. மொத்தம் 12 மணி. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 25 ரிங்கிட் என்று வைத்தால் 300 ரிங்கிட். இது உதாரணத்துக்குச் சொன்ன எண். உங்கள் திறமைக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். அச்சுச் செலவு இதில் சேராது. வெளி வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவது வழக்கம்.

இலவசமாகச் செய்ய முடிவு செய்தால் அப்போதும் இன்வாய்ஸ் கொடுங்கள். அதில் 'டிசைன் கட்டணம் 300 ரிங்கிட், சேவைக் கழிவு 300 ரிங்கிட், செலுத்த வேண்டியது 0' என்று எழுதுங்கள். நிர்வாகத்துக்கு உங்கள் காணிக்கையின் மதிப்பு தெரியும். அடுத்த வருடம் வேறு ஒருவரிடம் வேலை கொடுத்தால் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதும் தெரியும். உங்களுக்கும் இன்வாய்ஸ் எழுதிய பழக்கம் வரும். ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள்: உங்கள் நேரம் சேவையாக இருக்கலாம், அச்சுக்கூலி கோயில் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். மாணவர் கையிலிருந்து போகக் கூடாது.

தொடர்ந்து கட்டணம் வாங்கி வெளி வேலை செய்யத் தொடங்கினால் எஸ்எஸ்எம்மில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். தனிநபர் தொழிலுக்குச் சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட்.

4. டிசைன் யாருக்குச் சொந்தம்?

"நான் செய்தது, எனக்குத்தானே சொந்தம்" என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதால் செய்த வேலையின் காப்புரிமை, வேலை கொடுத்தவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும். இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த ஒப்பந்தம்தான் செல்லும். சிங்கப்பூரில் வேறு. அங்கே 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவர், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தாமே முதல் உரிமையாளர். ஜொகூர் பாலம் தாண்டி வேலை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே அந்த ஒரு பக்கத் தாளில் இரண்டு வரி சேருங்கள். டிசைனைக் கோயில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. அதை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டு என்பது இன்னொன்று. இண்டர்ன்ஷிப் தேடும்போது இரண்டாவது வரியின் அருமை தெரியும்.

மற்றவர் உரிமையையும் நாம் மதிக்க வேண்டும். "சாமி படம்தானே, சாமிக்கு ஏது காப்புரிமை?" என்று இணையத்திலிருந்து எடுத்துப் போடுகிறோம். சாமிக்கு இல்லை, வரைந்தவருக்கு உண்டு. மலேசியாவில் ஓவியரின் ஆயுளும் அதன் பிறகு 50 வருடமும் அந்த உரிமை இருக்கும். ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தவர், அவர் வரைந்த ஓவியங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று வரையும் ஓவியரின் முருகனுக்கு அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுத்துருவும் அப்படித்தான். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் கட்டண வேலைக்கு எடுக்கக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

5. அச்சுக்குப் போகுமுன்

நிறம் சிஎம்ஒய்கே முறையில் இருக்கட்டும். திரையில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சும் பச்சையும் அச்சில் மங்கிவிடும். ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுங்கள். படங்கள் 300 டிபிஐ. தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பேனருக்கு அதில் பாதி கூடப் போதும். வாட்ஸ்அப்பில் படமாக வரும் லோகோ சுருங்கித் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. அடோபி மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கோயில்' என்ற சொல்லே உடைந்து வரும். எழுத்தைச் சரிபார்த்து, அவுட்லைனாக மாற்றிய பிறகே கடைக்கு அனுப்புங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

கடைசியில் புரூஃப். தேதி, கிழமை, நட்சத்திரம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை விரல் வைத்துப் படியுங்கள். உபயதாரர் பெயரில் தலைப்பெழுத்து சரியா? டத்தோவா, டத்தோ ஸ்ரீயா? செயலாளர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே அச்சு. பிழை வந்தால் யார் மேல் பழி என்ற சண்டைக்கே அப்போது இடம் இருக்காது.

6. தெரிந்தவர் சொல்ல வேண்டும்

கேட்டதை மட்டும் செய்து கொடுத்தால் போதாது. அன்னதானப் பொட்டலத்தில் அம்மன் படம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். சாப்பிட்ட பிறகு அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். கூட்டத்தில் கொடுக்கும் துண்டறிக்கை காலடியில் கிடக்கும். பத்துமலையில் தைப்பூசத்தன்று தரையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த இடத்தில், "ஐயா, இதுல சாமி படம் வேண்டாமே, மாவிலையும் குத்துவிளக்கும் போட்டுத் தரட்டுமா?" என்று பணிவாகச் சொல்லுங்கள். வேறு டிசைனருக்குத் தோன்றாத இந்த விஷயம் நமக்குத் தோன்றும். நம் சமயம் தெரிந்த டிசைனரால் கோயிலுக்குக் கிடைக்கும் பலன் இதுதான்.

கிளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. டிசைன் தெரிந்த பிள்ளையிடம் வேலை கொடுக்கும்போது எழுதிக் கொடுங்கள், நேரத்தோடு கொடுங்கள், முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, "நாளைக்குக் காலையில வேணும்" என்று அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை இருக்கலாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிளையில் கடந்த திருவிழாவுக்கு டிசைன் செய்தவர் யார்? அவருக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டதுண்டா?
2. எந்த வேலையைக் காணிக்கையாகச் செய்யலாம், எதற்குக் கட்டணம் கேட்கலாம்? உங்கள் அளவுகோல் என்ன?
3. பெரியவர் ஒருவர் சொல்லும் யோசனை சரிவராது என்று தெரிந்தால் எப்படிச் சொல்வீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

செய்து பார்க்க: அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு பக்க பிரீஃப் தாளை உங்கள் கிளையே தயாரிக்கட்டும். மேலே சொன்ன ஐந்து கேள்விகள், பேசப்போகும் ஒருவரின் பெயர், திருத்த எண்ணிக்கை, தேதிகள், உரிமை பற்றிய இரண்டு வரி, இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோயில் கோப்பில் வையுங்கள், இன்னொன்றை டிசைன் செய்பவரிடம் கொடுங்கள்.