பாதி எழுதிய மெயில் எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் மெயில் என்றாலே ப்ரவுசரில் திறப்பதுதான் என்று நினைப்போம். அங்கே பாதி எழுதிவிட்டு எழுந்து போனாலும் டிராஃப்ட் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். ஆனால் கமாண்ட் லைனில், அதாவது மவுஸ் இல்லாமல் கீபோர்டில் கட்டளை டைப் செய்து வேலை வாங்கும் கறுப்புத் திரையில், நாம் சொன்னால்தான் எதுவும் நடக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 7,200 ரூபாய் செலவானது.

எங்கள் வீடு துடியலூரில். மச்சான் பக்கத்திலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் வேலை. அவருக்கு வரும் மெயில்களுக்குப் பதில் எழுதுவது நான்தான். என்னுடையது பழைய கம்ப்யூட்டர், ப்ரவுசர் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால் லினக்ஸ் போட்டு 'மட்' என்ற மெயில் புரோகிராமைப் பயன்படுத்துகிறேன். மைக்கேல் எல்கின்ஸ் 1995ல் எழுதிய இலவச புரோகிராம் இது. இன்றும் கிடைக்கிறது, பழைய இயந்திரத்திலும் நொடியில் திறக்கிறது.

அன்று வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். மறுநாள் காலை கடைசி நேரம். மதியம் பாதி எழுதி டிராஃப்டாக வைத்தேன். இரவு அதை எடுத்து முடிக்கும் நேரத்தில் இடி, மழை, கரண்ட் கட். யூபிஎஸ் கிடையாது. பத்து மணிக்குக் கரண்ட் வந்து மறுபடி திறந்தால் இரவு எழுதியது இல்லை. அது போகட்டும், மதியம் பத்திரமாக வைத்த டிராஃப்டும் இல்லை! அவசரமாக நினைவிலிருந்து மறுபடி டைப் செய்ததில் 184 ரூபாய் பீஸ் 148 ஆகிவிட்டது. 200 பீஸுக்கு ஆர்டரும் வந்துவிட்டது. "உடுங்க மாப்ள, சொன்ன வெலைக்கே குடுத்துப்போடலாம்" என்றார் மச்சான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, பாடத்திற்கு வருவோம். உங்கள் மெயில் கணக்கை மட்டுடன் இணைத்தாகிவிட்டது, எழுதுவதற்கு 'நானோ' எடிட்டரை அமைத்துக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இணைப்பது தனிப் பாடம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, மட்டும் நானோவும் இரண்டு தனித்தனி புரோகிராம்கள். புது மெயிலுக்குச் சின்ன எம் தட்டுகிறீர்கள். யாருக்கு, என்ன விஷயம் என்று மட் கேட்கும். பதில் கொடுத்ததும் நானோ திறக்கிறது. இப்போது நீங்கள் எழுதுவது டிராஃப்ட் ஃபோல்டரில் இல்லை, ஒரு தற்காலிக ஃபைலில் இருக்கிறது. கன்ட்ரோல் ஓ, பிறகு என்டர் தட்டினால் அந்தத் தற்காலிக ஃபைலில்தான் சேமிக்கும். கன்ட்ரோல் எக்ஸ் தட்டி வெளியே வந்தால் மட்டின் அனுப்பும் திரை வரும். யாருக்கு, தலைப்பு, இணைப்புகள் எல்லாம் அங்கே தெரியும்.

இந்தத் திரையில் ஒய் தட்டினால் மெயில் போய்விடும். டிராஃப்டாக வைக்க ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு பெரிய பி தட்டவும். சின்ன பி தட்டினால் மெயிலைப் பூட்டி அனுப்புவது பற்றி ஏதேதோ கேட்கும். பயப்பட வேண்டாம், கன்ட்ரோல் ஜி தட்டினால் போய்விடும். வேறு அமைப்பு ஏதும் தராதவரை டிராஃப்டுகள் உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'போஸ்ட்போன்ட்' என்ற ஃபைலில் சேரும்.

பெரிய பிக்குப் பதில் கியூ தட்டினால், டிராஃப்டாக வைக்கட்டுமா என்று மட் கேட்கும். இங்கே 'நோ' என்றால் கடிதம் அழிந்தது. அடுத்த முறை எம் தட்டும்போது, வைத்திருக்கும் டிராஃப்டை எடுக்கட்டுமா என்று இன்னொரு கேள்வி வரும். அங்கே 'நோ' என்றால் ஒன்றும் அழியாது, புதுக் கடிதம் திறக்கும், அவ்வளவுதான். ஒரே 'நோ', இரண்டு பலன். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று ஒருமுறை வாசித்துவிட்டு விரலை வைக்கவும். டிராஃப்டை நேராக எடுக்க, மெயில் பட்டியலில் இருக்கும்போது பெரிய ஆர் தட்டலாம்.

இனிதான் நான் விழுந்த குழி. டிராஃப்டை வெளியே எடுத்த உடனே, நானோ திறப்பதற்கு முன்பே, போஸ்ட்போன்ட் ஃபைலில் இருந்து மட் அதை நீக்கிவிடுகிறது. அதாவது அது நகல் எடுப்பதில்லை, அசலையே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் கடிதம் தற்காலிக ஃபைலில் மட்டுமே இருக்கும். அந்த ஃபைலோ 'டெம்ப்' என்ற பொது ஃபோல்டரில் இருக்கிறது. பல லினக்ஸ் வகைகள் கம்ப்யூட்டர் புதிதாகத் தொடங்கும்போது அந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும். நான் அன்று நான்கைந்து முறை கன்ட்ரோல் ஓ தட்டியும் பலனில்லாமல் போனது இதனால்தான்.

பழைய 'பைன்' புரோகிராம் இதில் கொஞ்சம் கருணையுள்ளது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்கு வாங்கியவர்கள் பைனில்தான் மெயில் பார்த்தார்கள். டெலிபோன் லைன் பாதியில் அறுவது அன்று சகஜம். அறுந்தால் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருந்து, அடுத்த முறை தொடரலாமா என்று பைன் கேட்கும். 2007ல் அதன் வாரிசாக 'அல்பைன்' வந்தது. அதில் எழுதும்போது கன்ட்ரோல் ஓ தட்டினால் நேராக டிராஃப்டுக்கே போகும். நானோவில் அதே கன்ட்ரோல் ஓ வெறும் சேமிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இதில் ஏமாறுவார்கள்.

மட்டுக்கு மருந்து ஒரே ஒரு வரி. முதலில் ஹோம் ஃபோல்டரில் 'சேவ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கவும். மட் தானாக உருவாக்காது. பிறகு மட்டின் அமைப்பு ஃபைலைத் திறக்கவும். ஹோம் ஃபோல்டரிலேயே, புள்ளியில் தொடங்கி மட் என்றும் அதை ஒட்டி ஆர், சி என்றும் பெயர் இருக்கும். அதில் 'செட்' என்று டைப் செய்து ஓர் இடம் விடவும். அடுத்து டெம்பரரி என்பதன் சுருக்கமாக டி, எம், பி, டைரக்டரி என்பதன் சுருக்கமாக டி, ஐ, ஆர், ஆறும் சின்ன எழுத்தில் ஒட்டியபடி. பிறகு சமக்குறி, நெளிகோடு, சாய்கோடு, சேவ். இடையில் இடம் வேண்டாம். ஃபைலைச் சேமித்து, மட்டை மூடித் திறக்கவும்.

இனி கரண்ட் போனால், கடைசியாகக் கன்ட்ரோல் ஓ தட்டியது வரை அந்த ஃபோல்டரில் இருக்கும். எடுப்பது இப்படி: புது மெயில் தொடங்கவும். நானோவில் கன்ட்ரோல் ஆர், பிறகு கன்ட்ரோல் டி தட்டினால் ஃபைல் பட்டியல் வரும். சேவ் ஃபோல்டருக்குள் போனால் மட் என்று தொடங்கும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்று இப்போது திறந்த புதுக் கடிதம், மற்றது பழையது. பக்கத்தில் அளவு தெரியும், பெரியதுதான் உங்களுடையது. தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் எழுதியது வந்து இறங்கும். முகவரியும் தலைப்பும் மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். எடுத்த டிராஃப்டை முடிக்காமல் எழுந்திருக்க நேர்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, கன்ட்ரோல் எக்ஸ் தட்டி வெளியே வந்து பெரிய பி. இரண்டு விநாடி வேலை. விலைப்பட்டியல் என்றால் மட்டும், ஒய் தட்டுவதற்கு முன் மச்சானைக் கூப்பிட்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டுகிறேன்.