விரால் மீன் தூண்டிலைச் சீறிப் பற்றுவதேன்?

ஏரி, கண்மாய், குட்டை முதலிய நீர்நிலைகளில் வாழும் மீன்களுள் விரால் மிக்க விலை பெறுவது. காற்றை நேரே சுவாசிக்கும் ஆற்றல் அதற்குண்டு. ஆதலின் கோடையில் நீர் வற்றிச் சேறாகும் நிலையிலும் அது பிழைத்திருக்கும். தூண்டில்முள்ளில் தவளையைக் கோத்து அல்லிக் கொடிகளின் நடுவே தத்தவிட்டால், விரால் பேரோசையுடன் பாய்ந்து அதனைக் கவ்வும். ரப்பரினாற் செய்த பொய்த் தவளையையும் அவ்வாறே கவ்வும். உண்ணத்தகாத பொருளை ஒரு மீன் இத்துணை மூர்க்கத்துடன் தாக்குவானேன்? இதனை அறிவது வேடிக்கைக்காக மட்டுமன்று. மீன்பாசியைக் குத்தகைக்கு விடும் கிராமத்தாருக்கும் இதனாற் பயனுண்டு.

இரை கொள்ளும் முறை

விரால் இரையை நெடுந்தூரம் துரத்திச் செல்லும் மீனன்று. கோரையிலும் பாசியிலும் பதுங்கியிருந்து பாய்வது. கலங்கல் நீரிற் பார்வை தொலைவு எட்டாது. ஆயினும் மீனின் உடலில் இருபுறமும் பக்கக்கோடு என்னும் உறுப்பு அமைந்துள்ளது. நீரில் உண்டாகும் சிறு அசைவையும் அது உணர்த்தும். காயமுற்ற தவளையோ தப்பியோடும் சிறு மீனோ எழுப்பும் அசைவையொத்ததைப் பொய்யிரையும் எழுப்புகின்றது. நின்று ஆராய்ந்தால் இரை தப்பிவிடுமாதலின், மீன் முதலிற் பாய்ந்து பின்னரே சோதிக்கின்றது. கையில்லாத பிராணிக்கு வாயே சோதிக்கும் கருவி. மீன் வாயைத் திடீரென அகலத் திறக்கும்போது, நீரும் அதனுடன் இரையும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. தகாத பொருளாயின் உமிழ்ந்துவிடும். முள் தைத்தபின் உமிழ இயலாது.

குஞ்சுகளைக் காக்கும் சினம்

பசியொன்றே காரணமன்று. மழைக்காலத்தில் விரால் இணை ஆழங்குறைந்த ஓரத்திற் பாசியை விலக்கி இடஞ்செய்து முட்டையிடும். முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செந்நிறமாகத் திரண்டு, காற்றுக் கொள்வதற்காக அடிக்கடி மேலே வரும். பெற்ற மீன்கள் சில வாரங்கள் வரை அவற்றின் கீழேயே நின்று காவல் புரியும். அக்காலத்தில் அருகில் வரும் தவளையாயினும், வேறு மீனாயினும், பொய்யிரையாயினும் அதனை இரையென்று கருதாமற் பகையென்று கருதியே தாக்கும். தூண்டிற்காரர் செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டவிடத்தில் முள்ளை வீசுவது இதனாலேதான்.

இவ்வகைச் சினத்தைச் சோதனையால் விளக்கியவருள் ஒருவர் ஹாலந்து நாட்டு அறிஞர் நிக்கோ டின்பர்கன். இவர் 1930-களில் லைடன் நகரில், முதுகில் மூன்று முட்களையுடைய ஒரு சிறு மீனை ஆராய்ந்தார். இனம் பெருக்கும் காலத்தில் அம்மீனின் ஆணுக்கு வயிறு சிவக்கும். மீனுருவிற் செவ்வனே செய்து சிவப்பிடாத பொம்மையை ஆண்மீன்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. உருவம் ஒவ்வாதாயினும் அடிப்புறம் சிவந்த பொம்மையையோ கடுமையாகத் தாக்கின. முழு உருவத்தையும் பாராது ஒரே அடையாளத்தைக் கண்டே மீன் சினங்கொள்ளும் என்பது இதனால் விளங்கிற்று. பிராணிகளின் நடத்தையைக் குறித்த ஆராய்ச்சிக்காக அவர் 1973-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

நல்ல காவலனே முதலில் அகப்படும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பெருவாய் பாஸ் என்னும் நன்னீர் மீனைக் கொண்டு 1970-களிலிருந்து ஒரு சோதனை நடந்தது. இம்மீனில் ஆண் கூட்டைக் காக்கும். தூண்டிலிற் பலமுறை அகப்பட்ட மீன்களையும், ஒருமுறையும் அகப்படாதவற்றையும் பிரித்துச் சில தலைமுறைகள் தனித்தனியே பெருக்கினர். எளிதில் அகப்படும் வழியில் வந்த ஆண்களே கூட்டை மிகுந்த விழிப்புடன் காத்தன எனக் கண்டனர். எனவே, காவற்காலத்தில் தூண்டிலிடுவோன் நல்ல காவலனையே முதலில் அகற்றிவிடுகின்றான். விராலும் குஞ்சு காக்கும் மீனாதலின் இப்பாடம் இங்கும் கருதத்தக்கது. பெற்ற மீன் போனபின் குஞ்சுத் திரள் நாரைக்கும் நீர்க்காகத்திற்கும் பிற மீன்களுக்கும் எளிதில் இரையாகும். ஒரு மீனின் விலை கையில் வந்தது போலத் தோன்றினும், அடுத்த ஆண்டு ஏலத்தின் முதல் அதனுடன் அழிகின்றது.

செய்யத்தக்கவை

1. செந்நிறக் குஞ்சுத் திரள் காணுமிடத்தில் தூண்டிலும் வலையும் இடலாகாது. குத்தகை நிபந்தனையில் இதனை எழுதிச் சேர்ப்பது நலம்.

2. ஓரத்துக் கோரையையும் பாசியையும் முற்றும் அகற்றாமல் ஒரு பகுதியை விட்டுவைத்தல் வேண்டும். அங்கேதான் விரால் முட்டையிடும்.

3. தவறி அகப்பட்ட காவல்மீனைத் தாமதமின்றி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

4. வெடியும் நஞ்சும் இடுவோரைத் தடுத்தல் வேண்டும். இவற்றால் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே விலக்கிற்று.

5. கெண்டைக் குஞ்சு விட்டு வளர்க்கும் குளத்திற்கு இம்முறை பொருந்தாது. விரால் அக்குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆதலின் அங்கிருந்து அதனை நீக்குவதே தக்கது.

விதைநெல்லை உண்பவன் அடுத்த போகத்தை இழப்பான் என்பதைக் குடியானவர் அறிவர். குஞ்சு காக்கும் விராலும் ஏரியின் விதைநெல்லே. அதன் சீற்றத்தைக் கண்டவிடத்துத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சில வாரங்கள் பொறுத்திருப்பவர்க்கு, ஏரி பின்னர்ப் பலமடங்காகத் திருப்பித் தரும்.