டி.சி. இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா?

ஜூன் மாதம் பல பள்ளிகளில் நடப்பதுதான். வேலை தேடி ஊர் மாறி வந்த ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்பார். "பழைய ஸ்கூல்ல டி.சி. இன்னும் தரலைங்க சார்" என்பார். "வாங்கிட்டு வாங்கம்மா, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று பதில் வரும்.

இந்தப் பதில் சரியா? சட்டப்படி, சரியில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எந்தக் காரணத்துக்காக ஊர் மாறினாலும், வெளி மாநிலத்திலிருந்து வந்தாலும், அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றம் கேட்பது பிள்ளையின் உரிமை என்கிறது அதன் 5ஆம் பிரிவு. அதே பிரிவு இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனியாகக் கடமை வைக்கிறது.

பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதம் செய்தால், அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். புதிய பள்ளியோ, சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.

"பீஸ் பாக்கி இருக்கே, எப்படித் தர்றது?" என்று தனியார் பள்ளி நிர்வாகிகள் கேட்கலாம். கட்டண பாக்கியைப் பெற்றோரிடம் சட்ட வழியில் வசூலிக்கத் தடை இல்லை. ஆனால் மாற்றுச் சான்றிதழ் அதற்கான கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கட்டண பாக்கி, தாமதக் கட்டணம் போன்ற குறிப்புகளைச் சான்றிதழில் எழுதக் கூடாது என்றும், சேர்க்கையின்போது டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது என்றும் பள்ளிகளுக்கு அறிவுறுத்தும்படி அரசுக்கு உத்தரவிட்டது. பாக்கி வைத்தவர் பெற்றோர். அந்தக் குறிப்பைச் சுமப்பதோ பிள்ளை.

சரி, நாளைக்கே ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது?

1. முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு படித்த பள்ளி, வகுப்பு விவரங்களைப் பெற்றோரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

2. வயதுச் சான்று இல்லையா? அதற்காகவும் சேர்க்கையை மறுக்க முடியாது. இது 14ஆம் பிரிவு.

3. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். 15ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

4. இடையில் படிப்பை விட்ட பிள்ளை என்றால் வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்துங்கள். மற்றவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை. இது 4ஆம் பிரிவு.

5. பழைய பள்ளிக்கு நீங்களே கடிதம் எழுதி டி.சி. கேளுங்கள். பெற்றோரை அலையவிட வேண்டாம். அவர்களுக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி.

6. எமிஸ் தளத்தில் பெயர் இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கிறதா? வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். அது அலுவலகங்கள் தங்களுக்குள் முடிக்க வேண்டிய வேலை. அது முடியும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டி.சி. தர மறுத்தாலோ, அது இல்லை என்று சேர்க்க மறுத்தாலோ, கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பேசலாம்.

ஆசிரியர்களே, ஒரு தாள் இன்று வராவிட்டால் அடுத்த வாரம் வரும். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கடைக்கோ சூளைக்கோ வேலைக்குப் போய்விட்டால், திரும்ப அழைத்து வருவது அத்தனை சுலபம் இல்லை. அதனால் முதலில் பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள்.