அஞ்சறைப் பெட்டியில் இடமில்லாத பொடி

கஞ்சா இனச் செடியான ஹெம்ப் கலந்த மசாலாத் தூளும், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. சேர்த்த உப்பும் அமெரிக்காவில் மிளகுத்தூள் போலச் சின்னக் குப்பிகளில் விற்பனைக்கு வருகின்றன. காணொளிகளில் அதைக் கோழியில் தடவுகிறார்கள், வெண்ணெயில் குழைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு நாமும் ஒரு தடவை செய்து பார்த்தால் என்ன என்று தோன்றும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். சட்டம் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் நம் சமையல் முறைக்கு இது ஒத்துவராது. அதை அடுப்படியிலிருந்தே தொடங்கி விளக்கலாம்.

நம் சமையல் கண்ணளவுச் சமையல். மீன் குழம்புக்கு மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கேட்டால், நிறம் வரும்வரை என்றுதான் பதில் வரும். கொஞ்சம் கூடினால் தேங்காய்ப்பால் ஊற்றிச் சரிசெய்துவிடுவோம். டி.எச்.சி. அப்படி அல்ல, அது மில்லிகிராமில் அளக்க வேண்டிய போதைப்பொருள். கஞ்சாவை அனுமதித்துள்ள கொலராடோ மாநிலத்திலேயே உணவுப்பண்டத்தில் ஒரு வேளை அளவு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டமோ, உலர்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இல்லாத செடியை ஹெம்ப் என்று வரையறுத்தது. 0.3 என்றால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வரம்பைத் தொடும் 100 கிராம் பொடியில் 300 மில்லிகிராம் இருக்கும். மூன்றரை கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியில் 10 மில்லிகிராமுக்கு மேல். நாம் குழம்புக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துகிறவர்களா?

அளந்தே போட்டாலும் அது குழம்பில் சமமாகப் பரவாது. டி.எச்.சி. தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். நல்ல மீன் குழம்பு எப்படி முடியும்? எண்ணெய் பிரிந்து, சிவப்பாக மேலே மிதக்கும். அந்த எண்ணெயோடு அது மேலேயே நிற்கும். முதல் கரண்டி வாங்குகிறவருக்கு அதிகம், அடியில் வழித்துச் சாப்பிடுகிறவருக்குக் குறைவு. முதல் கரண்டியை நாம் யாருக்குப் போடுவோம்? பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும். காலமும் கைகொடுக்காது. புகைத்தால் நிமிடங்களில் தெரிவது, உணவில் சேர்ந்தால் அரை மணி முதல் 2 மணி நேரம் வரை தெரியாமல் இருக்கும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகிறது. பல மணி நேரம் விடாது. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதும், சாப்பிட்டு முடித்துக் காரை எடுத்துக்கொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறுவதும் சரியாக அந்த இடைவெளியில்தான். சிறு பிள்ளைகளுக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் வந்து மருத்துவமனையில் சேர்க்க நேரலாம். ஒரே பானையில் எல்லாருக்கும் ஆக்கிப் போடும் வீட்டில் இதற்கு இடமில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 0.3 விழுக்காடு என்ற சலுகை கிடையாது. கஞ்சா இனச் செடியின் எந்தப் பகுதியிலும், எவ்வளவு சிறிய அளவில் பிசின் இருந்தாலும், அது கஞ்சாதான். வைத்திருந்தால் 6ஆம் பிரிவின்படி 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உட்கொண்டால் 15ஆம் பிரிவு. 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. விருந்தாளிக்குக் கொடுப்பது தனிக் குற்றம். 200 கிராம் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது உண்மைதான். ஆனால் மரண தண்டனையே நீங்கிவிடவில்லை, அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது.

மறுத்துப் பேசுகிறவர்களின் வாதங்களையும் எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் கஞ்சா இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மருந்தாக, சுத்தி செய்து, பயின்ற வைத்தியர் அளந்து கொடுப்பது, ரசத்தில் தூவுவதற்கல்ல. உத்தராகண்டில் பாங்குச் சட்னி அரைக்கிறார்களே? அது கஞ்சாச் செடியின் விதை. விதையில் டி.எச்.சி. அநேகமாக இல்லை, இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் உணவாக அனுமதித்ததும் அந்த விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றைத்தான். சரி, கசகசா அபினிச் செடியின் விதைதானே, அதை மட்டும் குருமாவில் அரைக்கலாமா என்பது இவற்றில் வலுவான கேள்வி. நாம் அரைப்பது போதைக்காக அல்ல, குழம்பு கெட்டிப்பட. விதைக்குள் அபின் இல்லை, தோலில் ஒட்டிய பால்தான் சிறிது வரும். கழுவி வேகவைத்தால் அதுவும் குறையும். ஆனாலும் அது சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியக்கூடும், ஐக்கிய அரபு சிற்றரசில் தடையே இருக்கிறது. ஆகவே துபாய்க்குப் போகும் பெட்டியில் கசகசா வேண்டாம். இந்த வாதம் டி.எச்.சி.க்கு வழிவிடவில்லை, கசகசாவிலேயே கவனம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

தாய்லாந்தில் சாப்பிட்டால் என்ன என்பது கடைசிக் கேள்வி. 2022 ஜூன் 9 அன்று அங்கே கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2025 ஜூனில் மீண்டும் மருத்துவச் சீட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. ஹாட்யாயில் சாப்பிட்டது பல நாள் சிறுநீரில் தங்கும், எல்லையில் உங்களோடு கூடவே வரும். பொருள் வாங்கும்போது லேபிளை முழுக்கப் படியுங்கள். ஹெம்ப், கன்னாபிஸ், டி.எச்.சி., சி.பி.டி. என்ற சொல் இருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். சில மொழிபெயர்ப்புகளில் ஹெம்ப் என்பதைச் சணல் என்று போட்டிருப்பார்கள். நம் சாக்குப்பை சணல் வேறு செடி, ஏமாந்துவிடாதீர்கள். கொழுப்பான விதைச் சுவைதான் வேண்டுமென்றால் வறுத்த எள், முந்திரி, சந்தையில் கிடைக்கும் புவா கெராஸ் போதும். நான்கு புவா கெராஸை வெறும் சட்டியில் வாட்டி வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் குழம்பு திரண்டு வரும். அதைப் பச்சையாக மட்டும் சாப்பிடக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் இந்தப் பொடியை அஞ்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டால், பொட்டலம் கிளம்பும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.