பனிக்காலத்தில் சருமமும் கேசமும்

மார்கழியும் தையும் சம்பா விளைச்சல் வீடு வந்து சேரும் மாதங்கள். அதே மாதங்களில்தான் உழவர் வீடுகளில் குதிகால் வெடிப்பும், உதட்டு வெடிப்பும், முழங்காலில் சாம்பல் பூத்தாற்போன்ற வறட்சியும் தோன்றுகின்றன. இவற்றை ஒரு வியாதியாக எவரும் கருதுவதில்லை. பனி நீங்கினால் தானே நீங்கிவிடும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், வெடித்த பாதத்துடன் சேற்றில் இறங்க வேண்டியவர்களுக்கு வெடிப்பு என்பது அழகைப் பற்றிய விஷயமன்று; அது கிருமிகள் உடலினுள் புகுவதற்குத் திறந்து வைத்த வாயிலாகும். அவ்வாயிலை அடைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. நாம் வழக்கமாகச் செய்துவரும் சில காரியங்களே அதனை அகலத் திறந்துவிடுகின்றன என்பதைத்தான் இங்கே முக்கியமாக ஆராய வேண்டியுள்ளது.

புதுச்சேரியில் பனியா என்று உதகமண்டலத்தார் நகைக்கக் கூடும். ஜனவரி மாதத்து விடியற்காலையிலும் இங்கே வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே நிற்கிறது. கடற்காற்றும் டில்லிக் காற்றைப் போல உலர்ந்தது அன்று. பின் தோல் ஏன் வறள்கிறது? ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. 20 டிகிரியிலோ 17 கிராம் அளவே தாங்கும். எனவே பனிக்காலக் காற்று ஈரமாகத் தோன்றினும் அதிலுள்ள நீரின் அளவு குறைவு. அக்காற்று நம் உடலின் வெப்பத்தைத் தொட்டதும் சூடேறி, தோலிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளுகிறது. குளிரில் வியர்வையும் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையும் குறைந்துவிடுவதால் இழந்த ஈரம் எளிதில் மீள்வதில்லை. ரோடியர் ஆலையும் சுதேசி ஆலையும் இயங்கிய காலத்தில் அங்கே பணிபுரிந்தவர்களுக்கு இது புதிதன்று. நெசவுக் கூடத்துக் காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூல் அறுபடும் என்பதனால்தான் நெசவாலைகளில் காற்றை ஈரப்படுத்தி வைப்பது வழக்கம்.

நம் தோலின் மேற்பரப்பைச் செங்கற் சுவர் ஒன்றுக்கு ஒப்பிடலாம். உயிரற்ற மெல்லிய செல்கள் செங்கற்கள். அவற்றிடையே நிறைந்துள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சாந்து உறுதியாக உள்ளவரை உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமி உள்ளே வாராது. சாந்து கரைந்தால் நீர் கசிந்து வெளியேறும், செங்கல் சுருங்கும், சுவர் வெடிக்கும். இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வறண்ட தோலுக்கு வேண்டுவது முதலில் நீர், எண்ணெய் அடுத்ததே. எண்ணெய் நீரைத் தருவதில்லை. இருக்கும் நீரைப் போகவிடாமல் மூடி வைக்கிறது. உலர்ந்து போன தோலின்மேல் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் பயன் குறைவே.

இனி, நம்முடைய வழக்கத்தைப் பார்ப்போம். குளிருக்கு அஞ்சி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொள்ளுகிறோம். பின்னர் உடல் முழுவதும் சோப்பை அழுத்தித் தேய்க்கிறோம். அதன்பின் துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். இம்மூன்றும் சாந்தைக் கரைக்கும் காரியங்கள். மேலே கொழுப்புப் படிந்த பாத்திரத்தை வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. துணி வெளுக்கும் சோப்பையே உடம்புக்கும் பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது அறவே கூடாது. தோல் சிறிதளவு புளிப்புத் தன்மை உடையது. சோப்போ காரத்தன்மை உடையது. பனிக்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளித்து முடிப்பதும், அழுக்கும் வியர்வையும் சேரும் இடங்களுக்கு மட்டும் சோப்பைப் பயன்படுத்துவதும் போதும்.

கடலோரக் கிராமங்களில் நீரும் ஒரு காரணமாகிறது. புதுச்சேரி நகரின் தென்புறத்திலுள்ள உப்பளத்தின் பெயரே அந்நிலத்தின் பழைய தன்மையை உணர்த்தும். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருடன் 1815ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையால் இப்பகுதியின் உப்பு வாணிகம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1818ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் உப்பு விளைவிப்பதும் நிறுத்தப்பட்டது. உப்புத் தொழில் போயிற்று. கடலோரக் கிணற்று நீரின் உவர்ப்பு போகவில்லை. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் தேய்க்கிறோம். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படலமாகித் தோலிலும் கேசத்திலும் ஒட்டிக்கொள்ளுகின்றன. உப்புநீரில் நிற்கும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளரும், கடல்நீர் உடம்பிலேயே காயும் வீராம்பட்டினத்து மீனவரும் இத்துன்பத்தை இருமடங்காக அனுபவிப்பவர்கள். வேலை முடிந்ததும் உவர்ப்பற்ற நீரை ஒரு வாளியேனும் கடைசியாக ஊற்றிக்கொள்ளுவது அவர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

கேசத்திற்குச் சீயக்காய் ஏற்றது என்று நம் முன்னோர் கண்டது இவ்விடத்தில் பொருந்தி வருகிறது. சீயக்காயில் நுரைப்பவை சபோனின் என்னும் பொருள்கள். அவை சோப்பைப்போலக் கடின நீரில் படலமாகத் திரிவதில்லை. காரத்தன்மையும் இல்லை. ஆனால் தினந்தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது பனிக்காலத்தில் வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயைப் பொறுத்தவரை, மும்பை ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், தேங்காயெண்ணெய் ஒன்றே மயிரின் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது என்று அவர்கள் கண்டனர். அவ்வெண்ணெயின் முக்கியப் பகுதியான லாரிக் அமிலம் மயிரிழையின் உள்ளே ஊடுருவ வல்லது என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். ஆய்வாளர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர்கள் மனத்திற் கொள்ளலாம். ஆயினும் நம் வீட்டுப் பெண்களின் அனுபவம் அதற்கு மாறாக இல்லை. பொடுகு மட்டும் வேறு விஷயம். அது வெறும் வறட்சியன்று. தலைத்தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வளரும் ஒருவகைக் காளான் அதில் பங்கு கொள்ளுகிறது. பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவிடுவது அதை வளர்ப்பதாகவே முடியும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு வார்த்தை. அது இதமளிப்பதே; விட்டுவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆனால் நல்லெண்ணெய் தேய்த்து ஊறியபின், அரப்பும் சோப்பும் இட்டு ஒரு சொட்டுப் பசையும் இல்லாமல் கழுவிவிடுகிறோம். தோலுக்கு எண்ணெய் தேவைப்படும் வேளை அதற்குப் பின்னரே வருகிறது. குளித்து முடித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், கை கால்களில் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். தோலில் தங்கிய நீர் அதனடியில் அடைபட்டு நிற்கும். விலையுயர்ந்த களிம்பு எதுவும் கிராமத்து வீட்டிற்குத் தேவையில்லை. கடையில் கேட்டு வாங்கும் சில பூச்சு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பு நின்றாலும் நாளடைவில் தோல் மெலிந்துவிடும். அத்தகைய மருந்துகள் பலவற்றை 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இதுவே.

குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மூக்கில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கடுமையான சளிக்காய்ச்சலை விளைவித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிமார் மனம் வருந்தினாலும் இதனை எடுத்துக் கூறத்தான் வேண்டும்.

பாகூர்ப் பகுதியில் நவரை நடவும் சம்பா அறுவடையும் அடுத்தடுத்து வருவதால், காலையில் சேற்றில் ஊறிய பாதம் மாலையில் வரண்ட களத்து மண்ணில் காய்கிறது. வெடிப்பு ஆழமாவது இவ்வாறுதான். இரவில் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரத்தோடு வாசலைனோ தேங்காயெண்ணெயோ பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு உறங்கலாம். இரண்டு வாரத்தில் குணம் தெரியும். பிளேடால் சீவுவதும், மெழுகை உருக்கி ஊற்றுவதும், இயந்திர எண்ணெய் தடவுவதும் ஆபத்தானவை. விரலிடுக்குகளில் மட்டும் எண்ணெய் பூசலாகாது. அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை ஊறவைக்கவே வேண்டாம். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாமாதலின், சூட்டையும் வெடிப்பையும் அறியாமலே புண்ணாகிவிடும். அவர்கள் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்து வருவது அவசியம்.

யானைக்கால் நோயுள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. புதுச்சேரி இந்நோய் நிலவிய ஊர். இங்கே 1975ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை நகரில் கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. கொசுவைத் தடுப்பது நோய் புதிதாகப் பரவாமலிருப்பதற்கு. ஏற்கெனவே வீங்கிய காலோ, வெடிப்பின் வழியாகவும் விரலிடுக்குப் புண்ணின் வழியாகவும் கிருமி நுழையும்போதெல்லாம் குளிரும் காய்ச்சலும் கண்டு மேலும் வீங்குகிறது. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, இடுக்குகளை ஒற்றி உலர்த்தி, வெடிப்பில் மருந்திட்டு வந்தால் இக்காய்ச்சல் வரும் தடவைகள் குறைகின்றன. இவர்களுக்குச் சோப்பைக் குறைக்கச் சொல்வது தவறு. கழுவியபின் எண்ணெய் பூசச் சொல்வதே சரி.

வறட்சி என்று எண்ணப்படுபவற்றுள் வேறு இரண்டும் ஒளிந்திருப்பதுண்டு. விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் மிகும் அரிப்பு பெரும்பாலும் சிரங்கு. அதற்கு வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிடில் பயனில்லை. மற்றொன்று, வெளிறியோ சிவந்தோ தோன்றி, வியர்க்காமல், மயிர் உதிர்ந்து, தொட்டால் உணர்ச்சியற்று நிற்கும் படை. அரிப்பும் வலியும் இல்லாததனால் பனி வறட்சி என்றே ஒதுக்கப்படும் இது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குரிய கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் குணமாகும். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடும். பின்னர் மருந்தால் அது நிமிராது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. ஊரக வேலைத் திட்டப் பணியிடங்களிலும் பொதுக் களத்தருகிலும் நல்ல நீர்க்குழாய் ஒன்றும் சோப்பும் இருந்தால், வேலை முடிந்து செல்வோர் சுண்ணாம்பும் சிமெண்டும் உரத்தூளும் காலில் காய்வதற்கு முன் கழுவிக்கொள்ளுவர். முதலுதவிப் பெட்டியில் ஒரு புட்டி தேங்காயெண்ணெயும் இருக்கட்டும். துப்புரவுப் பணியாளர்களுக்கு வாங்கும் கையுறைகளும் காலணிகளும் அவரவர் அளவுக்குப் பொருந்துகின்றனவா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத காலணி உராய்வதே ஒரு புண்.

காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30ஆம் நாள் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது. அது தோல் வெடிக்கும் தை மாதத்திலேயே வருகிறது. அவ்வாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, பாதம் வெடித்தவர்களையும் தோலில் படை உள்ளவர்களையும் ஓரிடத்தில் பார்க்கச் செய்யலாம். கண்ணை மூடச் சொல்லிப் படையின்மீது பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுவதே முதற் சோதனை. தொழுநோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு மென்மையான ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். காலணிகள் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் விலையின்றி வழங்கப்படுகின்றன. தேவைப்படுவோரின் பெயரையும் பாத அளவையும் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கலாம்.