நாயும் அல்ல, பூனையும் அல்ல

இரவில் வீட்டு மச்சின் மேல் தடதடவென்று சத்தம் கேட்கும். "மரநாய் வந்திருக்கு" என்போம். மலையாளத்தில் அதையே மரப்பட்டி என்கிறார்கள். பனையில் தொங்கும் பானையில் கள்ளையும் குடித்துவிட்டுப் போகும்.

மரநாய் நாய் அல்ல. புனுகுப்பூனை பூனையும் அல்ல. நாம் முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். விலங்கு நூலார் பல்லையும் காலையும் எண்ணிப் பார்க்கிறார்கள். பூனைக்கு 30 பல். நாய்க்கு 42. புனுகுப்பூனைக்கு 40. முகம் கூர்மை, உடல் நீளம், கால் குட்டை. அதனால் இவற்றைத் தனிக் குடும்பமாக வைத்தார்கள். மரநாயும் அதே குடும்பம்தான். மலையாளத்தில் இவற்றுக்கு வெருகு என்று பெயர். பழைய தமிழில் வெருகு என்றால் காட்டுப்பூனை!

புனுகுப்பூனையின் வாலுக்கு அடியில் ஒரு சிறு பை உண்டு. அதில் வெண்ணெய் போல ஒரு பொருள் ஊறும். அதுதான் புனுகு. கல்லிலும் மரத்திலும் அதைத் தேய்த்துவிட்டுப் போகும். "இது என் இடம்" என்று மற்ற விலங்குகளுக்குச் சொல்வது அது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு விலங்கு இருக்கிறது. அது நாற்றத்தை எதிரியின் மேல் பீச்சி அடிக்கும். அதைக் கீரி போன்ற வேறொரு விலங்கின் குடும்பத்தில் வெகுகாலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 1997-இல் மரபணுவைப் பார்த்துத் தனிக் குடும்பம் என்றார்கள். வாசனையை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது.

இனி நம் கரையோரத்துக் கதை. மலபார் புனுகுப்பூனை என்று ஒன்று உண்டு. 1862-இல் எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கர்நாடகத்தின் ஹொன்னாவரம் முதல் கன்னியாகுமரி வரை அது உண்டு என்றும், திருவிதாங்கூரில் மிகுதி என்றும் அந்தக் காலத்தில் எழுதினார்கள். அமரவிளையும் திருவிதாங்கூர்தானே! பிறகு அதைக் காணவில்லை. அழிந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். 1987-இல் நிலம்பூர்ப் பக்கம் எளயூரில் அதன் தோல்கள் கிடைத்தன. கொல்லாமரத் தோட்டங்களின் அடியில் வளர்ந்த புதர்தான் அதற்கு மறைவிடம். அவற்றை வெட்டி ரப்பர் வைத்தபோது மறைவும் போயிற்று. பின்னர் கேரள, கர்நாடகக் காடுகளில் தானே படம் எடுக்கும் கேமராக்களை வைத்தார்கள். ஒரு படமும் விழவில்லை.

2010-இல் இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு ஐயத்தை எழுப்பினார்கள். இது நம் மண்ணின் விலங்குதானா? புனுகு வியாபாரத்துக்காகக் கீழை நாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, தப்பிப் போனதாக இருக்கலாமே? பர்மா, தாய்லாந்துப் பக்கம் இதைப் போலவே ஒன்று உண்டு. இந்த வழக்கு தீரவில்லை. உயிருள்ள ஒன்று கிடைத்தால் தீர்ந்துவிடும்.

ஆகவே பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலில் வளையம் இல்லை என்றால் மரநாய். பூனை அளவு, உடலில் வரிசையாகப் புள்ளி, வாலில் வளையம் என்றால் சிறிய புனுகுப்பூனை. நம் விளைகளில் வருவது இவை இரண்டும்தான். நாய் அளவு பெரிதாக, தோள் முதல் வால் வரை முதுகில் கறுத்த பிடரிமயிர் நிமிர்ந்து நின்றால், அது மலபார் புனுகுப்பூனையாக இருக்கலாம்.

எதையும் அடிக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தூரத்தில் நின்று போனில் படம் எடுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் உங்கள் கையாலேயே தாளில் எழுதி வனத்துறை அலுவலகத்தில் கொடுங்கள்.